மிச்சமா, பங்கா?

பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு பல உத்தியோகங்களும் உண்டு என்பது நேயர்கள் அறிந்த விஷயம். ஜனத்தொகைக் கணக்கு எடுப்பது அவர். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் உட்காருவது அவர். மழைக்காலத்தில் ஓடு ஒழுகுகிற இடம் பார்த்து வாளி வைப்பதும் அவரே. சில வருஷங்களுக்கு முன் நமக்கு இவற்றோடு இன்னொரு பதவியும் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளை மேற்பார்வை செய்யும் பதவி. சம்பளம் கிடையாது, சத்தம் மட்டும் உண்டு.

காவேரிக் கரையில் ஒரு சிறு பட்டணத்தில் இருக்கிறது நமது பள்ளிக்கூடம். அரசாங்க உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. ஆகவே, மணி அடித்ததும் அங்கே இரண்டு பந்திகள் கூடும். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள் தட்டும் கையுமாகக் கொட்டகையில் உட்காருவார்கள். வீட்டிலிருந்து டிபன் டப்பா கொண்டு வருகிறவர்கள் தாழ்வாரத்தில் உட்காருவார்கள். இரண்டுக்கும் நடுவே குழாயடி. குழாயடிக்குப் பக்கத்தில் எச்சில் வாளிகள் இரண்டு.

மேற்பார்வை ஏற்ற புதிதில் ஒரு நாள் அந்த வாளிகளை எட்டிப் பார்த்தோம். ஏன் பார்த்தோம் என்றால், காக்கைகள் அன்றைக்கு அளவுக்கு மீறிக் கூட்டம் போட்டிருந்தன. ஒரு வாளி நிரம்பி, மறு வாளியும் கழுத்து மட்டும் வந்திருந்தது. திராட்சைப் பழம் போட்ட தயிர் சாதம், நல்லெண்ணெய் மணக்கும் புளியோதரை, பல் பட்ட அடையாளமே இல்லாத சப்பாத்திச் சுருள், உரிக்காத வாழைப்பழம். இவற்றில் பெரும் பகுதி எச்சிலே அல்ல. யாரோ ஒரு தாயார் விடியற்காலையில் எழுந்து செய்து அனுப்பியது, வாய்க்குப் போகாமல் நேரே வாளிக்கு வந்திருந்தது.

அந்தச் சமயத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி டப்பாவைக் கவிழ்ப்பதற்காக வந்து நின்றாள். நம்மைக் கண்டதும் தயங்கினாள்.

“ஏனம்மா கொட்டுகிறாய்?” என்று கேட்டோம்.

“பசிக்கலை, ஸார்.”

“அப்படியானால் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு போகலாமே?”

இவருக்கு உலக ஞானமே கிடையாதா என்பது போல் நம்மை அவள் ஒரு பார்வை பார்த்தாள். “டப்பா காலியா வரலைன்னா அம்மா திட்டுவாங்க, ஸார்” என்றாள். பிறகு கவிழ்த்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டில் நடக்கப் போவதை நாம் அங்கிருந்தே மனக்கண்ணால் பார்த்தோம். தாயார் டப்பாவைத் திறப்பார். காலி! பெற்ற மனம் குளிரும். மகளும் ஏச்சுக்குத் தப்புவாள். இருவருக்கும் திருப்தி. உண்மை தெரிந்தது வாளிக்கு மட்டுந்தான். டப்பா காலியாவதற்கும் வயிறு நிறைவதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம். அன்று நடத்திய சரித்திர பாடத்தில் நமக்கே ருசி இல்லை.

*

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் சோறு அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. 1920-ஆம் வருஷத்தில், பிட்டி தியாகராய செட்டியார் தலைமை வகித்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்கில் இருந்த தனது பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பதென்று தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. 1956-இல் காமராஜர் மத்தியான உணவை மாகாணம் முழுவதற்கும் கொண்டு வந்தார். 1982 ஜூலை முதல் தேதி, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில், எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு வருஷம் ஆகஸ்டில் அது அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்ற ஒரே கவலை ஒரு நூற்றாண்டு காலமாக இந்த நாட்டை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது. அந்தக் கவலைக்குப் பக்கத்திலேயே இரண்டு வாளி நிறையச் சோறு கிடந்தால் மனம் பொறுக்குமா?

நமது தகப்பனார் ஒரு விஷயம் சொல்வதுண்டு. 1965-இல், யுத்தமும் தானியப் பஞ்சமும் ஒன்றாக வந்த சமயத்தில், பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். தகப்பனார் அப்போது பள்ளி மாணவர். அவர்கள் வீட்டில் திங்கட்கிழமை இரவு அடுப்பு மூட்டுவதில்லை என்று ஏற்பாடு. சாஸ்திரியார் காலமான பிறகும் பாட்டியார் அந்த வழக்கத்தை நெடுநாள் விடவில்லையாம். அப்படி விட்ட ஒரு வேளைச் சோறு யாருடைய இலைக்குப் போயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் யாரோ ஒருவருடைய இலைக்குப் போகும் என்ற நம்பிக்கை இருந்தது.

இன்றைய கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2022-ஆம் வருஷத்தில் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. கல்யாண வீடுகளும் ஹோட்டல்களுமே இதற்குக் காரணம் என்று நாம் எண்ணிக் கொண்டிருந்தோம். அறிக்கையோ அதில் 60 சதவீதம் குடும்பங்களிலிருந்து வருகிறது என்கிறது. அதாவது, உங்கள் வீட்டிலிருந்தும் நம் வீட்டிலிருந்தும்.

*

ஆகவே சீர்திருத்தம் செய்வதென்று புறப்பட்டோம். உபாத்தியாயர் சீர்திருத்தத்தில் இறங்கினால் முதலில் ஒரு அறிவிப்புப் பலகை எழுதுவார். நாமும் எழுதினோம். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சைப் போட்டு, நமது கையெழுத்திலேயே மிக அழகான கையெழுத்தில், “மிகுதியான உணவை இங்கே வைக்கவும். தேவைப்படும் ஏழை மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம்” என்று அட்டையில் எழுதி மாட்டினோம்.

வைப்பதற்கு ஆள் இருந்தது. எடுப்பதற்குத்தான் ஒருவரும் வரவில்லை. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஈக்கள் வந்தன. நமக்கு ரோசம் வந்துவிட்டது. நல்ல காரியம் செய்கிறோம் என்ற எண்ணம் மனிதனுக்கு வந்துவிட்டால், அப்புறம் அவன் கண்ணுக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், பிள்ளைகள் எல்லாரும் நிற்கையில், ஐந்து பையன்களின் பெயர்களை உரக்க வாசித்தோம். “நீங்கள் ஐவரும் இன்று மத்தியானம் பெஞ்சுக்கு வந்து வேண்டியதை எடுத்துச் சாப்பிட வேண்டும்” என்றோம். அந்த ஐந்து பெயர்களையும் எந்த விசாரணையின் பேரில் தேர்ந்தெடுத்தோம் என்றால், கிழிந்த சட்டை, தேய்ந்த செருப்பு, அவ்வளவுதான்.

நால்வர் தலையைக் குனிந்து கொண்டு வந்தார்கள். தின்றதைவிட விழுங்கியது அதிகம். ஐந்தாமவன், ஏழாம் வகுப்புப் பையன், வரவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அன்று சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டைத் தேடிப் போனோம்.

பையனின் பெற்றோர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். பையன் பாட்டியோடு இருந்தான். பாட்டியம்மாள் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, “வாங்க, வாத்தியாரய்யா” என்றார். பாய் போட்டார். உட்கார்ந்தோம். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகத்தான் கேட்டார்:

“எங்க வீட்டுல சோறு இல்லைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?”

நமக்குப் பதில் வரவில்லை.

“அம்புட்டுப் பிள்ளைங்களுக்கு முன்னாடி பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களாமே. அன்னைக்கு ராத்திரி பய தட்டுல கை வைக்கலை. நாமெல்லாம் பிச்சைக்காரங்களா ஆயான்னு கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல?”

கதவுக்குப் பின்னால் பையனின் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

நாம் விடை பெற எழுந்தபோது பாட்டியம்மாள் விடவில்லை. “இருங்க. வந்தவங்க வெறும் வயித்தோட போனா அது எனக்குத்தான் கொறை” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை இரண்டு தட்டில் வந்தது. நம் பக்கத்தில் பையனையும் உட்கார வைத்து அவனுக்கும் ஒன்று வைத்தார். பேசாமல் சாப்பிட்டோம். கொடுப்பதற்குப் பெயர்ப் பட்டியல் எழுதிய கை அன்றைக்கு வாங்கிச் சாப்பிட்டது. அந்த அடையில் நமக்குக் கொஞ்சமும் கூச்சம் ஏற்படவில்லை என்பதை வழியில்தான் கவனித்தோம். ஏன் ஏற்படவில்லை? பாட்டியம்மாள் நம்மைப் பசித்தவராக எண்ணிப் போடவில்லை. வந்தவராக எண்ணிப் போட்டார். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

புறப்படுமுன் தவறு நம்முடையது என்று பையனிடம் சொன்னோம். அவன் அடையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

*

மறு நாள் முதல் வேலையாக அட்டையைக் கழற்றினோம். பிறகு சத்துணவுக் கூடத்துச் சமையற்கார அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னோம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கை அது. “ஸார், பந்தியில யாருக்குப் பசின்னு யாராச்சும் கேப்பாங்களா? யாருக்கு இன்னும் கொஞ்சம்னுதானே கேப்போம்” என்றார். நாம் பட்டப் படிப்பிலும் ஆசிரியப் பயிற்சியிலும் கற்காத பாடத்தை அவர் கரண்டியைக் கழுவிக் கொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜப்பான் தேசத்துப் பள்ளிகளைப் பற்றி நாம் படித்தது ஞாபகம் வந்தது. அங்கே பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி அணிந்து வகுப்பறையில் பரிமாறுகிறார்கள். எல்லாருக்கும் பரிமாறியது போக மிஞ்சியதற்குப் பல பேர் ஆசைப்பட்டால், கல், காகிதம், கத்தரி என்று கை விளையாட்டு விளையாடி, ஜயித்தவன் எடுத்துக்கொள்கிறான். அங்கே மிஞ்சிய உணவு, ஏழைக்கு உரிய பிச்சை அல்ல. கெட்டிக்காரனுக்குக் கிடைக்கும் பரிசு. நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. சாபூத்ரி என்று அவர்கள் கையைக் கவிழ்த்தும் மலர்த்தியும் போடுவது தினசரி காரியம்.

ஆனாலும் முதலில் யார் எடுப்பது? சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடுமுன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பெஞ்சுக்கும் அந்த விதியைப் பொருத்தினோம். அன்று மத்தியானம் எல்லாரும் பார்க்க, அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி வைத்த தயிர் சாதத்தில் ஒரு கரண்டி எடுத்து நம் டப்பாவில் போட்டுக்கொண்டு, நாம் கொண்டு போயிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தில் பாதியைப் பாத்திரத்தில் வைத்தோம். மணிமேகலைக் காவியத்தில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைத்த பிறகும், ஆதிரை என்ற குலமகள் முதற் பிச்சை இட வேண்டியிருந்தது. அங்கே முதலில் இடுவதற்கு ஒரு கை தேவைப்பட்டது. நம் பெஞ்சுக்கு முதலில் ஏந்துவதற்கு ஒரு கை தேவைப்பட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

“யாருக்கு இன்னும் கொஞ்சம்?” என்றோம். பத்தாம் வகுப்புப் பையன்கள் பாய்ந்து வந்தார்கள். அந்த வயதுப் பையன்களுக்கு ஏழை என்றும் பணக்காரர் என்றும் பேதம் கிடையாது, எல்லாரும் பசிக்காரர்கள்.

*

எதிர்ப்பு வராமல் இல்லை. ஒரு வாரத்துக்குள் ஒரு தாயார் வந்தார். “என் குழந்தை கண்டவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட வேண்டுமா?” என்று கேட்டார். நமக்கு 1920-களின் சேரன்மாதேவி குருகுலம் நினைவுக்கு வந்தது. தேசத்துக்குத் தொண்டர்களைத் தயார் செய்ய ஏற்பட்ட அந்தக் குருகுலத்தில், சில பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விஷயம் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிவிட்டது. இந்த நாட்டில் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு ஒருபோதும் வெறும் தட்டாக இருந்ததில்லை. அந்த அம்மாளிடம், “பெஞ்சில் கட்டாயம் எதுவும் இல்லை, வைக்காமலும் இருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம்” என்று பணிவாகச் சொன்னோம். ஆனால் அவர் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. “எச்சில் கை பட்டதை எப்படிக் கொடுப்பது?” என்றார். அது சாதியைப் பற்றிய கேள்வி அல்ல, சுத்தத்தைப் பற்றிய கேள்வி. அதை ஏற்றுக்கொண்டோம்.

அதிலிருந்து பிறந்ததுதான் நமது முக்கியமான விதி: பங்கு வைப்பது சாப்பிட்ட பிறகு அல்ல, சாப்பிடத் தொடங்குமுன். மணி அடித்ததும் கை கழுவ வேண்டும். டப்பாவைத் திறந்து, இன்றைக்கு இவ்வளவுதான் முடியும் என்று தோன்றினால், சுத்தமான கரண்டியால் அதிகப்படியை எடுத்துப் பாத்திரத்தில் வைத்துவிட வேண்டும். முட்டை, மாமிசம் கலந்தவற்றுக்குத் தனிப் பாத்திரம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒருவன் இருப்பதால் கடலை போட்டதை வாயால் சொல்லி வைக்க வேண்டும். உரிக்காத பழம் எப்போதும் வரலாம். அமெரிக்கப் பள்ளிகளில் ‘பகிர்வு மேஜை’ என்று இருப்பதற்கும், 2016-இல் அங்குள்ள விவசாய இலாகா வெளியிட்ட வழிகாட்டிக்கும் இதுவே அடிப்படை: பிரிக்காத பொட்டலமும் உரிக்காத பழமும் மேஜைக்கு வரலாம், வாய் வைத்தது வரக் கூடாது. சத்துணவுப் பிள்ளைகளும் வைக்கிறார்கள். சுண்டல் பிடிக்காதவன் சுண்டலை வைத்துவிட்டு இட்லியை எடுக்கிறான். கொட்டகைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே பெஞ்சு ஒரு சின்னச் சந்தையாகிவிட்டது.

முன்னதாகவே பங்கிடுவதன் அருமையை இன்னொரு சம்பவமும் நமக்குக் கற்பித்திருக்கிறது. பல வருஷங்களுக்கு முன், ஆண்டு விழா அன்று மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் வரவில்லை, ஒரு அண்டா சாம்பார் சாதம் மீந்துவிட்டது. மறு நாள் காலையில் அதை ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினோம். அங்கே மூடியைத் திறந்து பார்த்தவர், கைகூப்பி, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்ததே சரி. சோற்றில் இருக்கும் சில நுண்கிருமிகளின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்குகின்றன. பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் அந்த விஷம் போவதில்லை. கெட்டதைக் கொடுப்பது தானம் அல்ல. நம் குப்பையை இன்னொருவர் வாசலில் கொட்டுவதுதான் அது.

இப்போது பள்ளியில் விழா என்றால், முதல் நாளே அந்த இல்லத்துக்கு டெலிபோன் செய்து, எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுப்பிலிருந்து இறக்கியதும், பந்தி தொடங்குமுன்பே, அவர்கள் பங்கு மூடி போட்ட பாத்திரத்தில் சூடாகப் புறப்பட்டுவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் இலைக்குப் போய்விடுகிறது. மீந்த உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிகள் வகுத்தது. மிகுந்த உணவை வண்டியில் எடுத்துச் சென்று கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று கோயம்புத்தூரில் 2014-இல் தோன்றியது. இவையெல்லாம் மிகவும் நல்ல காரியங்கள். என்றாலும், கடைசியில் மிஞ்சுவது மிச்சம். முதலில் எடுத்து வைப்பது பங்கு. மிச்சத்தை வாங்குகிறவன் தலை குனிவான். பங்கை வாங்குகிறவன் தலை நிமிர்ந்து வாங்குவான்.

*

நமது பள்ளிக்கூடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நேயர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டாம். குழாயடியில் இன்றைக்கும் வாளி இருக்கிறது. இரண்டு இருந்த இடத்தில் இப்போது ஒன்று. சில நாள் அது பாதி, சில நாள் முக்கால். உப்புமா வரும் நாளில் பெஞ்சில் இன்னும் போட்டி குறைவுதான். அந்த ஏழாம் வகுப்புப் பையன் மறு நாளே வந்துவிட்டான். ஆனால் அந்த வருஷம் முழுவதும் பெஞ்சிலிருந்து அவன் ஒரு கவளமும் எடுக்கவில்லை. நாம் வற்புறுத்தவில்லை. நாம் உண்டாக்கிய காயம், ஆறுவதற்கு வேண்டிய நாளை அதுவே எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தோம். ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகு ஒரு நாள், பெஞ்சில் சாபூத்ரி போடும் கூட்டத்தில் அவன் குரல் கேட்டது. தோற்றுப்போய், “அடுத்த தடவை பார்டா!” என்று கத்திக்கொண்டிருந்தான். அந்தத் தோல்வி நமக்கு அளித்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கடைசியாக, விடியற்காலையில் எழுந்து டப்பா கட்டும் தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். டப்பா ஒரு சுற்றுச் சிறிதாக இருக்கட்டும். போதாவிட்டால் பெஞ்சு இருக்கிறது. சோறு திரும்பி வந்தால் கோபிக்க வேண்டாம். பொய் சொல்லாமல் வந்த சோறு அது. சாயங்காலம் குழந்தை வாசற்படி ஏறும்போது, “எல்லாம் சாப்பிட்டாயா?” என்று தினமும் கேட்கிறீர்கள் அல்லவா? அதற்குப் பதில் என்ன வரும் என்பது உங்களுக்கும் தெரியும், வாளிக்கும் தெரியும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வேறு கேள்வி கேட்டுப் பாருங்கள்:

“இன்றைக்கு யாரோடு பகிர்ந்து சாப்பிட்டாய்?”